கடைசி ரவுண்டா, ஐரோப்பாவா, வேவரா: ஹாக்கி மேனேஜரில் யாரும் எதிர்பாராத நட்சத்திரத்தை எங்கே தேடலாம்?

ஐஸ் ஹாக்கி மேனேஜர் கேமில் ஓர் அணியை நாலைந்து சீசன் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்த இக்கட்டு நன்றாகத் தெரியும். ஜூலை மாதம் வந்துவிட்டது, பெரிய பெயர்களுக்கெல்லாம் மற்ற அணிகள் கொட்டிக் கொடுத்துவிட்டன, சம்பள உச்சவரம்புக்குள் உங்களிடம் மிச்சமிருப்பது சொற்பம், என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகில் ஓர் அணிக்கு 50 ஒப்பந்தங்கள்தான் என்ற வரம்பில் காலியாக இருப்பதோ இரண்டு மூன்று இடம். அந்த இடங்களை யாருக்குக் கொடுப்பது? யாரும் கண்டுகொள்ளாத ஒருத்தன் வந்து 30 கோல் அடித்து அணியைத் தூக்கி நிறுத்துவான் என்ற ஆசையில்தான் நம்மில் பாதிப் பேர் இந்த கேமையே ஆடுகிறோம். அந்த ஒருத்தனைத் தேட நாலு வழி இருக்கிறது. டிராஃப்டின், அதாவது இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தரத் தேர்வின், கடைசி ரவுண்டுகள் ஒன்று. டிராஃப்டில் எவரும் எடுக்காமல் விட்ட அமெரிக்கக் கல்லூரி ஆட்கள் இன்னொன்று. ஐரோப்பிய லீகுகளில் ஆடிக்கொண்டிருக்கும், 22 வயதைத் தாண்டிய வீரர்கள் மூன்றாவது. மற்ற அணிகள் வேண்டாம் என்று வேவரில் விடுகிறவர்கள், அதாவது வேறு அணி எடுத்துக்கொள்ளலாம் என்று பட்டியலில் போடப்படுகிறவர்கள், நாலாவது.

நாலையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு வழி உங்களிடம் காலத்தைக் கேட்கிறது, ஒரு வழி பணத்தைக் கேட்கிறது, இன்னொன்று ஐஸில் நிமிடங்களை, அதாவது ஆட்டத்தில் இறங்கி ஆடும் நேரத்தை, கேட்கிறது. உங்கள் அணியிடம் இந்த மூன்றில் எது தாராளமாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: சுமாரான அணியை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று சீசனுக்குள் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் ஐரோப்பா, பொறுமை இருந்தால், அதிலும் கோலி (கோல் காப்பாளர்) வேண்டுமென்றால், கடைசி ரவுண்டு.

நான் பேசுவது ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜரையும் ஃப்ரான்சைஸ் ஹாக்கி மேனேஜரையும் வைத்து. முதலாவது ஃபின்லாந்துக்காரரான ரிஸ்டோ ரெமெஸ் இலவசமாக வெளியிட்டதில் ஆரம்பித்தது. ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் நிறுவனம் அதை எடுத்து 2004-ல் கடைக்குக் கொண்டுவந்தது, நடுவில் பல வருடம் பேச்சு மூச்சு இல்லாமல் கிடந்து 2015-ல் ஸ்டீமில் மறுபடி வந்தது. இரண்டாவது அவுட் ஆஃப் த பார்க் நிறுவனத்துடையது, 2013-லிருந்து வருகிறது. இரண்டிலும் ஆதாரக் கணக்கு ஒன்றுதான்: ஒரு வீரன் இப்போது எவ்வளவு ஆடுவான், அதிகபட்சம் எவ்வளவு தூரம் வளர முடியும் என்று இரண்டு அளவு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. நமக்குத் தெரிவது நம் ஸ்கவுட் (வீரர்களைப் பார்த்து மதிப்பிடுகிறவர்) அதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது மட்டும்.

ஈஸ்ட்சைடில் இந்த இரண்டும் 200-க்கு அளக்கப்படும் எண்கள். வேகம், பாஸ், ஸ்டிக்ஹேண்ட்லிங் போன்ற திறன்கள் 1 முதல் 20 வரை. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லா இளம் வீரர்களுக்கும் வளர்ச்சி எண் நிலையாக இருப்பதில்லை. பலருக்குத் தரவுத்தளத்தில் ஒரு வரம்பு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள்; நீங்கள் புது ஆட்டம் தொடங்கும்போது அந்த வரம்புக்குள் ஏதோ ஓர் எண் விழும். அதனால்தான் உங்கள் சேவில் (நீங்கள் சேமித்துத் தொடரும் ஆட்டத்தில்) ஆல் ஸ்டாராக வந்தவன் நண்பனுடைய சேவில் ஸ்வீடன் இரண்டாம் டிவிஷனில் காணாமல் போகிறான். இணையத்தில் சுற்றும் ‘இவர்களை எடுங்கள்’ பட்டியல்களை நம்பிக் கடைசி ரவுண்டில் இறங்குவது வீண். எடிட்டரைத் திறந்து எண்ணைப் பார்த்துவிடலாம்தான், ஆனால் பார்த்த நிமிடமே இந்த நாலு வழிகளில் எதற்கும் அர்த்தம் இல்லாமல் போய்விடுகிறது. தயவுசெய்து பார்க்காதீர்கள். 2029-ல் ஒருத்தன் மேலே வரும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்கு அது ஈடாகாது.

சரி, கடைசி ரவுண்டுகள்.

இதற்கு எல்லோரும் கைகாட்டுவது டெட்ராய்ட் ரெட் விங்ஸ். ஹோகன் ஆண்டர்சன் என்ற ஸ்வீடன் ஸ்கவுட், டிமிட்ரி கலினின் என்ற டிஃபென்ஸ்மேனைப் பார்க்க ரஷ்யாவுக்குப் போன இடத்தில், எதிரணியில் குள்ளமாக ஒருத்தன் பக்கை (ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் உள்ள ரப்பர் வட்டு) தன் இஷ்டத்துக்கு ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். அந்தப் பையன் ஏற்கெனவே டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாமல் போனவன். 1998-ல் ஆறாவது ரவுண்டில் 171-வது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது. அதுதான் பாவெல் டாட்சுக். அடுத்த வருடம், 1999-ல், ஏழாவது ரவுண்டில் 210-வது ஆளாக ஹென்ரிக் ஸெட்டர்பெர்க். இவரும் ஆண்டர்சன் வேறொரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில் கண்ணில் பட்டவர். அந்த 1999 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் பாட்ரிக் ஸ்டெஃபான், என்.எச்.எல்.-ல் அவர் மொத்தமாக அடித்தது 64 கோல். 210-வதாகப் போனவரோ 2008-ல் லீகின் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கோப்பையையும் பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதையும் சேர்த்துத் தூக்கினார்.

2002-ல் கோப்பை வென்ற டெட்ராய்ட் அணியின் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், இந்த கேமை ஆடுகிற எவருக்கும் அது ஒரு பாடப் புத்தகம். டாட்சுக் டிராஃப்டில் 171-வது ஆள். லூக் ராபிடைலும் 171 (1984-ல், லாஸ் ஏஞ்சலிஸ் எடுத்தது, பிற்பாடு 668 கோல் அடித்தவர்). பிரெட் ஹல் 117. கோலி டொமினிக் ஹாஷெக் 199. தாமஸ் ஹோல்ம்ஸ்ட்ரோம் 257. இத்தனைக்கும் ஹல், ராபிடைல், ஹாஷெக் மூவரும் வேறு அணிகளில் பெயரெடுத்த பிறகு டெட்ராய்டுக்கு வந்தவர்கள். ஆனாலும் டிராஃப்டின் அடியில் எவ்வளவு சரக்கு கிடக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் இந்தக் கதைகளை அப்படியே கேமில் செய்துபார்க்கப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். முதலாவது, அன்றைய டிராஃப்ட் நீளமானது. 2005-லிருந்து ஏழு ரவுண்டுதான். 32 அணி இருக்கிற இன்றைய லீகில் 224 பேரோடு கதை முடிந்துவிடும். ஹோல்ம்ஸ்ட்ரோம் இன்று டிராஃப்டுக்கே வந்திருக்க மாட்டார், யார் வேண்டுமானாலும் ஒப்பந்தம் போடக்கூடிய ஆளாகத்தான் சுற்றிக்கொண்டிருப்பார். ஃப்ரான்சைஸில் பழைய காலத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்குக் கடைசி ரவுண்டுகள் தங்கச் சுரங்கம். இன்றைய தரவுத்தளத்தில் ஆடுகிறவர்களுக்கு அதில் பாதி சரக்கு நான் பின்னால் சொல்லப்போகும் ஐரோப்பா கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது, காத்திருப்பு. டாட்சுக் அமெரிக்கா வந்தது 2001-ல், மூன்று வருடம் கழித்து. ஹாஷெக்கை சிகாகோ எடுத்தது 1983-ல், அவர் வந்தது 1990-ல், வந்த பிறகும் சிகாகோ அவரை வைத்துக்கொள்ளாமல் பஃபலோவுக்கு அனுப்பிவிட்டது; ஆறு முறை சிறந்த கோலி விருது, 1997, 1998 இரண்டு வருடமும் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது எல்லாம் பஃபலோவுக்குப் போனது. எடுத்தது ஒரு அணி, அனுபவித்தது இன்னொரு அணி. கேமிலும் இதேதான் நடக்கும். ஆறாவது ரவுண்டில் எடுத்த பையன் மூன்றாவது சீசனில், என்.எச்.எல்.-க்கு அடுத்த நிலை லீகான ஏ.எச்.எல்.-ல் பதினைந்து கோலோடு நிற்கும்போது, ஒரு டிஃபென்ஸ்மேனுக்காக நடக்கும் டிரேடில் அவனைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் ஏராளம்.

அதனால் கடைசி ரவுண்டில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்றால், ஸ்கவுட் போடும் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், அவனோடு ஒப்பந்தம் போடும் உரிமை எத்தனை வருடம் உங்களிடம் இருக்கும் என்று பாருங்கள். கனடா ஜூனியர் லீகுகளிலிருந்து எடுத்தால் இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்பதுதான் பல வருடம் நடப்பிலிருந்த விதி. 18, 19 வயதில் எடுக்கப்பட்ட ஐரோப்பியர்களுக்கு நாலு வருடம். எந்தச் சீசனின் விதிகள் உங்கள் கேமில் ஓடுகின்றன என்பதை விதிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஒப்பந்த வரம்பில் ஓர் இடத்தைக்கூடப் பிடிக்காமல், சம்பளம் எதுவும் வாங்காமல், ஸ்வீடனிலோ ஃபின்லாந்திலோ ஒருத்தன் உங்கள் பெயரில் வளர்ந்துகொண்டிருப்பான். ஆறு, ஏழாவது ரவுண்டுகளில் 18 வயது கனடா பையனுக்கும் 19 வயது ஃபின்லாந்துக்காரனுக்கும் இடையே இழுபறி என்றால் நான் யோசிக்காமல் ஃபின்லாந்துக்காரனை எடுப்பேன். ஏற்கெனவே பெரியவர்களோடு ஆடிப் பழகியவன், அவன் திறன்களில் ஸ்கவுட் சொல்வதும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

கோலி விஷயத்தில் இது இரட்டிப்பு உண்மை. ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000-ல் 205-வது. பெக்கா ரின்னே 2004-ல் 258-வது. டிம் தாமஸ் 1994-ல் 217-வதாக எடுக்கப்பட்டு, ஃபின்லாந்து, ஸ்வீடன், சின்ன லீகுகள் என்று சுற்றிவிட்டு, முப்பதைத் தாண்டித்தான் பாஸ்டனில் நிலையான இடம் பிடித்தார். 2011-ல் கான் ஸ்மைத் வாங்கியபோது அவருக்கு வயது 37. கோலிகள் தாமதமாக வளர்கிறார்கள், 18 வயதில் அவர்களைப் பார்த்து யாராலும் எதுவும் சொல்ல முடிவதில்லை, கேமும் இதை ஓரளவு சரியாகவே பிடித்திருக்கிறது. ஒவ்வொரு டிராஃப்டிலும் ஏழாவது ரவுண்டு ஒரு ஐரோப்பியக் கோலிக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிவையுங்கள். ரிஃப்ளெக்ஸ் நன்றாக இருந்தால் போதும், மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது ஐரோப்பா. நான் முதலிடம் கொடுக்கும் வழி இதுதான், காரணம் ஆர்டெமி பனாரின். டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. 2015-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணியோடு ரஷ்ய லீகின் ககாரின் கோப்பை வென்ற கையோடு, 23 வயதில், சிகாகோவில் கையெழுத்திட்டார். முதல் சீசனிலேயே 77 புள்ளி (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து), சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது. சிகாகோ இதற்காக ஒரு டிராஃப்ட் உரிமையைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. செர்ஜி போப்ரோவ்ஸ்கியும் இதே வழியில் வந்தவர்: யாரும் எடுக்காமல், 2010-ல் ஃபிலடெல்ஃபியா ஒப்பந்தம் போட்டுக் கூட்டிவந்து, இரண்டு வருடத்தில் கொலம்பஸுக்கு விட்டுக்கொடுக்க, போன முதல் சீசனிலேயே 2013-ல் சிறந்த கோலி. பிற்பாடு 2024, 2025 என்று அடுத்தடுத்து ஃப்ளோரிடாவோடு இரண்டு கோப்பை.

கேமில் இந்த வழி ஏன் நன்றாக வேலை செய்கிறது என்றால், 22, 23 வயது ஆளிடம் ஊகத்துக்கு அதிகம் இடமில்லை. அவன் என்ன ஆட்டக்காரன் என்பது ஏற்கெனவே திரையில் இருக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது சரியான வரிசையைப் படிப்பது மட்டும். என்னுடைய ஒரு பஃபலோ சேவில் செக் லீகிலிருந்து எடுத்த ஸ்லோவாக் விங்கர் ஒருவனைச் சொல்கிறேன், கேம் தானாக உருவாக்கிய வீரன்தான். வேகம் 10, உடல் பலம் 9. ஸ்கவுட் அறிக்கையில் நாலாவது லைனுக்குக்கூட (சேர்ந்து இறங்கும் முன்வரிசை மூவரில் கடைசிக் குழு) சந்தேகம் என்றுதான் இருந்தது. ஆனால் பக் இல்லாதபோது இடம் பிடிப்பதில் 16, முன்கூட்டி ஊகிப்பதில் 16, உழைப்பு 17, ரிஸ்ட் ஷாட் 15. இந்த நாலு எண்ணும் சேர்ந்து ஒருவனிடம் இருந்தால் வேகத்தை மறந்துவிடலாம், ஏனென்றால் அவன் ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பான். நல்ல பாஸ் கொடுக்கும் செண்டர் ஒருவனோடு இரண்டாவது லைனில் போட்டேன், பவர் பிளேயில் (எதிரணிக்கு ஆள் குறையும் நேரத்தில்) கோலுக்கு முன்னால் நிற்க வைத்தேன். முதல் இரண்டு மாதம் ஒன்றும் பெரிதாக இல்லை, புத்தாண்டுக்குப் பிறகு அடிக்க ஆரம்பித்தவன் சீசன் முடிவில் 31 கோல். அடுத்த வருடம் 34. ஸ்கவுட் அப்போதும் அவனுக்கு அதே மாதிரிதான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த வழியில் சிக்கல் பணம். என்.எச்.எல். விதிப்படி முதல் ஒப்பந்தத்தின் நீளம் வயதைப் பொறுத்தது: 18 முதல் 21 வரை மூன்று வருடம், 22-23 என்றால் இரண்டு, 24 என்றால் ஒன்றுதான். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு 27 வரை இந்த முதல் ஒப்பந்த விதி பொருந்தும். அதாவது நீங்கள் கண்டுபிடித்த ஆளை மலிவாக வைத்திருக்கக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு சீசன்தான், அதற்குள் அவன் வெடித்துவிட்டால் விலை எகிறிவிடும். சிகாகோவுக்கு இதுதான் நடந்தது: பனாரின் சம்பாதித்த போனஸ் அடுத்த வருடத்துச் சம்பள வரம்பில் போய் இடித்தது, புது ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 60 லட்சம் டாலர் ஆனது, 2017-ல் கொலம்பஸுக்கு டிரேடும் பண்ணிவிட்டார்கள். கேமில் போனஸைத் தாராளமாக அள்ளி வீசி ஆளைக் கவர்ந்துவிடலாம், ஆனால் வரம்பின் விளிம்பில் இருக்கிற அணி அதைச் செய்யக் கூடாது. அப்புறம் ஒரு விஷயம், ரஷ்யாவின் கே.எச்.எல்.-ல் ஒப்பந்தத்தோடு இருக்கிறவர்களை அங்கிருந்து இழுக்க முடியாது. ஒப்பந்தம் முடியும் வருடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த வசந்த காலத்தில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

வேவர் வழியைப் பற்றி எனக்குக் கலவையான எண்ணம். 24 மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டும், பலவீனமான அணிக்கு முன்னுரிமை, எடுத்தவனை மறுபடி வேவரில் விடாமல் ஃபார்ம் டீமுக்கு (கீழ்நிலை லீகில் ஆடும் துணை அணிக்கு) அனுப்ப முடியாது, ஆக 23 பேர் ரோஸ்டரில் ஓர் இடம் உடனே போய்விடும். ஆனால் இதற்கு நீங்கள் எதையும் டிரேடில் கொடுக்கத் தேவையில்லை. மைக்கேல் கிராப்னர்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை. 2010 அக்டோபரில் ஃப்ளோரிடா வேவரில் விட, நியூயார்க் ஐலண்டர்ஸ் தூக்கியது. அந்தச் சீசனிலேயே 34 கோல். வேகத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று கேட்கப்பட்ட ஆள். ஐலண்டர்ஸ் அவருக்குக் கொடுத்தது வேறொன்றுமில்லை, ஐஸில் நிமிடங்கள்.

இதே பாடத்தை இன்னும் பெரிதாகப் பார்க்க வேண்டுமானால் வெகாஸ். 2017-ல் புது அணியாக வந்தபோது மற்றவர்கள் பாதுகாக்காமல் விட்டவர்களை எடுத்தார்கள். வில்லியம் கார்ல்சன் அதற்கு முந்தைய சீசனில் கொலம்பஸில் அடித்தது 6 கோல். வெகாஸில் முதல் லைன் செண்டராகப் போட்டார்கள், 43 கோல். அதே லைனில் ஆடிய ஜோனதன் மார்ஷசோ டிராஃப்டிலேயே எடுக்கப்படாதவர், ஃப்ளோரிடாவுக்கு 30 கோல் அடித்த பிறகும் பாதுகாக்கப்படாமல் விடப்பட்டவர்; 2023-ல் வெகாஸ் கோப்பை வென்றபோது கான் ஸ்மைத் அவருக்குத்தான். கார்ல்சனின் திறமை ஒரே கோடையில் ஏழு மடங்கு ஆகிவிடவில்லை. அவர் யாரோடு ஆடினார், எத்தனை நிமிடம் ஆடினார் என்பது மாறியது.

கேமில் இதை நேரடியாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. உங்கள் முதல் இரண்டு லைனில் உண்மையிலேயே காலி இடம் இருக்க வேண்டும். வேவரில் எடுத்தவனை நாலாவது லைனில் எட்டு நிமிடம் ஆடவிட்டு அவன் ஜொலிக்கவில்லை என்று மறுபடி வேவரில் விடுவதற்கு, பேசாமல் அந்த இடத்தை உங்கள் ஃபார்ம் டீம் பையனுக்கே கொடுத்திருக்கலாம். மோசமான அணியை எடுத்து ஆடுகிறவர்களுக்கு இது முதல் தரமான வழி. பலமான அணிக்காரர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், வேவர் வரிசையிலும் அவர்கள் கடைசியில்தான் நிற்பார்கள்.

கோடையில் புது ஒப்பந்தம் கொடுக்காமல் விடப்படுகிறவர்களையும் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். 2020-ல் கோப்பை வென்ற டாம்பா பே அணி கார்ட்டர் வெர்ஹேகியைச் சம்பள வரம்பு நெருக்கடியில் விட்டுவிட, ஃப்ளோரிடா வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்குப் பிடித்தது. 2022-23-ல் அவர் அடித்தது 42 கோல். கோப்பை வென்ற அணியின் மூன்றாவது, நாலாவது லைன் ஆட்களை ஜூன் கடைசியில் ஒருமுறை அலசிப் பாருங்கள், பணம் கட்ட முடியாமல் நல்ல ஆட்களை விடுகிறவர்கள் அவர்கள்தான்.

கல்லூரி வழியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. மார்ட்டின் செயின்ட் லூயிஸ் கதை எல்லோரையும் உருக்கும், எனக்கும் மிகவும் பிடிக்கும்: வெர்மான்ட் பல்கலைக்கழகம் (டிம் தாமஸும் அதே அணியில்தான் இருந்தார்), ஐந்தடி எட்டங்குல உயரம், டிராஃப்டில் யாரும் சீண்டவில்லை, கால்கரி ஒப்பந்தம் போட்டு 2000-ல் விட்டுவிட்டது, டாம்பா பே எடுத்தது. 2004-ல் லீகிலேயே அதிக புள்ளி, மதிப்புமிக்க வீரர் விருது, ஸ்டான்லி கோப்பை. அந்த இறுதிச் சுற்றில் டாம்பா ஏழு ஆட்டம் போராடித் தோற்கடித்தது அவரை விட்டுவிட்ட கால்கரியைத்தான். இப்படியொரு கதையை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் கேமில் நான் பார்த்த வரையில், கல்லூரியில் ஒருத்தன் கொஞ்சம் நன்றாக ஆடினாலே பத்து அணி போட்டிக்கு வந்துவிடுகிறது, வருகிறவனும் ‘எனக்கு உடனே பெரிய அணியில் இடம்’ என்று கேட்கிறான், நீங்கள் யாருக்கும் தெரியாத ஒருவனைக் கண்டுபிடித்ததாகவே இருக்காது. ஸ்கவுட்டுகள் குறைவாக உள்ள அணி அந்த நேரத்தை ஃபின்லாந்திலோ செக்கிலோ செலவழிப்பது மேல்.

ஆக, என்ன செய்வது? நீங்கள் எடுத்திருப்பது பட்டியலின் அடியில் கிடக்கும் அணி என்றால், முதல் சீசனில் வேவரும் ஜூன் மாதத்தில் விடப்படுகிறவர்களும். காலி இடம் உங்களிடம் இருக்கிறது, மற்றவர்களிடம் இல்லை. நடுவில் இருக்கும் அணி என்றால் காலியான ஒப்பந்த இடங்களில் இரண்டை 22 முதல் 24 வயது ஐரோப்பியர்களுக்கு, ஒருத்தன் விங்கராகவும் ஒருத்தன் டிஃபென்ஸ்மேனாகவும். வேகமும் உயரமும் ஸ்கவுட் கண்ணை எளிதில் கவர்ந்துவிடுவதால் அவற்றுக்கு விலை அதிகம். இடம் பிடித்தல், ஊகித்தல், உழைப்பு, விடாமுயற்சி இந்த நாலையும் வைத்து வடிகட்டித் தேடுங்கள். கோப்பைக்கு ஆடுகிற அணி என்றால் உங்களிடம் பணமும் இல்லை, நிமிடங்களும் இல்லை, இருப்பது காலம் மட்டும்தான். எனவே கடைசி ரவுண்டுகளில் ஐரோப்பியர்களை வாங்கிப் போட்டு நாலு வருடம் மறந்துவிடுங்கள். டெட்ராய்ட் தொடர்ந்து மேலே இருந்துகொண்டே டாட்சுக்கையும் ஸெட்டர்பெர்க்கையும் தேற்றியது இப்படித்தான்: பிந்திய உரிமைகள், நல்ல ஸ்கவுட், அவசரமின்மை.

எந்த வழியில் போனாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள், பார்ட்னர் யார் என்பதில். கோல் அடிக்கிறவனுக்குப் பாஸ் கொடுக்கிறவன் வேண்டும், பாஸ் கொடுக்கிறவனுக்கு இடம் உருவாக்கித் தருகிறவன் வேண்டும். பனாரின் 77 புள்ளி எடுத்த சீசனில் அவர் லைனில் இருந்தவர் பாட்ரிக் கேன், அந்த வருடம் 106 புள்ளியோடு லீகிலேயே முதலிடம். ஐந்து ஆட்டம் பார்த்துவிட்டு லைனைக் கலைக்காதீர்கள். குறைந்தது முப்பது ஆட்டம் ஒரே லைனில், பவர் பிளேயிலும் சேர்த்து விடுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தயக்கமில்லாமல் அடுத்தவனைப் பாருங்கள்.

கோலி மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டான். ஜோர்டன் பின்னிங்டனை செயின்ட் லூயிஸ் 2011-ல் 88-வதாக எடுத்தது. 2017-18 சீசனில் பாஸ்டனின் ஃபார்ம் அணிக்குக் கடனாக அனுப்பி வைத்திருந்தார்கள். 2019 ஜனவரி தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் லீகிலேயே கடைசி. வேறு வழியில்லாமல் ஜனவரி 7-ம் தேதி ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக முதல்முறை தொடக்கக் கோலியாக இறக்கிவிட்டார்கள், ஒரு கோலும் விடவில்லை, ஜூனில் கோப்பை, அதுவும் பாஸ்டனைத் தோற்கடித்து. ஏழு வருடத்துக்கு மேல் அணியின் ஓரத்தில் கிடந்த ஆள். உங்கள் ஃபார்ம் டீமில் 24, 25 வயதில் ஒரு கோலி ஓசையில்லாமல் ஆடிக்கொண்டிருந்தால், ஐம்பதில் ஓர் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதற்காக அவனை விட்டுவிடாதீர்கள். வேறு யாரையாவது விடுங்கள்.